எது முதலில் தீர்ந்தது? ஊரடங்குச் சமையல் நோட்டு தொகுக்க ஒரு முழு வழிகாட்டி

தாராவியில் 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் சந்து. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் வாசற்படி ஏறி வழிவிட வேண்டும். மொத்தம் 41 கோலி, அதாவது ஒற்றை அறை வீடுகள். பாதிக்கு மேல் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள். மற்றவை உத்தரப் பிரதேசம், பீகார்க்காரர்கள், நான்கு மராத்தி வீடுகள்.

2020 கொரோனா ஊரடங்கில் இந்தச் சந்து என்ன தின்று உயிர் வளர்த்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்ற பேச்சு பலமுறை எழுந்து அமுங்கியது. 2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு தொடங்கியபோதுதான் அவசரம் வந்தது. நாளை யார் எந்த மூலைக்குப் போவார்களோ, பக்கத்து வீடு என்று யாரைச் சொல்வோமோ தெரியாது. போவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நோட்டு முடியப் பதினோரு மாதம் ஆனது. முதல் இரண்டு மாதம் முழுக்க வீண். அந்த இரண்டு மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: கேள்வியை மாற்றுங்கள்

நாங்கள் செய்த தப்பு எளிமையானது. வீடு வீடாகப் போய், “ஊரடங்குல என்ன சமைச்சீங்க?” என்று கேட்டோம். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: “என்னத்தச் சமைச்சோம், சோறும் கொழம்பும்தான்.” சிலர் வெட்கப்பட்டார்கள். ஊரடங்கு நேரத்தில் பத்திரிகைகளில் டால்கோனா காபியும் வாழைப்பழ கேக்கும் நுரை பொங்க வந்துகொண்டிருந்தன. அரை லிட்டர் பாலை ஆறு பேருக்குப் பங்கு வைத்த வீட்டில் போய் விசேஷப் பதார்த்தம் எதிர்பார்த்தால் இப்படித்தான்.

வழி காட்டியது 17ஆம் கோலி ஆச்சி. பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார்: “சமைச்சத எதுக்குட்டி கேக்க? தீந்தத கேளு. எங்க வீட்டுல மொதல்ல தீந்தது புளி.”

அதன் பிறகு இரண்டு மணி நேரம் பேசினார். புளி ஏன் முதலில் தீர்ந்தது? எங்கள் சந்தில் வருஷச் சாமான் என்பது ஊரிலிருந்து வருவது. மே மாதம் பள்ளி விடுமுறைக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் போய், திரும்பும்போது புளி, வத்தல், கருப்பட்டி, கருவாடு, செக்கு எண்ணெய் எல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு வருவோம். அந்தச் சாக்கு மார்ச் மாதத்தில் அடி தட்டும். 2020இல் சரியாக அடி தட்டிய நேரத்தில் ரயில் நின்றது. புளி தீர்ந்தது என்ற ஒரு வரிக்குள் எங்கள் சந்துக்கும் ஊருக்கும் இருக்கும் மொத்தக் கணக்கும் இருந்தது.

அடுத்து, “அப்புறம் என்ன செஞ்சீங்க ஆச்சி?” என்றேன். எதிர்வீட்டு மராத்தி அம்மா ஒரு கை ஆம்சூல் கொடுத்தாராம். கோகம் பழத்தின் காய்ந்த தோல். கறுப்பாக, தோல் செருப்புத் துண்டு மாதிரி இருக்கும். இருபது வருஷம் எதிரெதிரே இருந்தும் ஆச்சி அதை வாயில் வைத்ததில்லை. அன்று கத்தரிக்காய்க் குழம்பில் நாலு துண்டு போட்டார். “புளிப்பு வந்துது, ஆனா கொழம்பு நம்ம கொழம்பு இல்ல” என்றார். ஆனால் இன்றும் மீன் குழம்பில் இரண்டு துண்டு போடுகிறார்.

எனவே கேள்விகள் நான்கு, இதே வரிசையில்: எது முதலில் தீர்ந்தது? அதற்குப் பதில் என்ன போட்டீர்கள்? அதை யார் கொடுத்தார்கள், அல்லது எங்கே கிடைத்தது? அதில் எதை இன்னும் விடாமல் செய்கிறீர்கள், எதை இனிமேல் தொடவே மாட்டீர்கள்? நாலாவது கேள்விக்குத்தான் ஆட்கள் சிரிக்கவோ கோபப்படவோ ஆரம்பிப்பார்கள். எங்கள் சந்தில் பாதிப் பேர் பொட்டலத்தில் வந்த கிச்சடியை இனி ஜென்மத்துக்கும் தொட மாட்டார்கள். கொடுத்தவர்கள் மேல் வருத்தமில்லை; நாற்பது நாள் சாப்பிட்டால் அமிர்தமும் அப்படித்தான்.

இரண்டாம் படி: யாரிடம், எப்போது

சமையல் என்றதும் வயதான பெண்களிடம் மட்டும் போகாதீர்கள். ரேஷன் வரிசையில் வட்டத்துக்குள் நின்ற பையன், முதல்முறை அடுப்பு பற்றவைத்த ஆண்கள், மேல்தளத்துக் கார்கானாவில் (பட்டறையில்) தங்கியிருந்த தையல் பையன்கள் என எல்லாரும் வேண்டும். அந்தப் பையன்களில் பெரும்பாலோர் 2020 மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்டபின் ஊருக்குப் போய்விட்டார்கள். மூவர் திரும்பி வந்திருந்தார்கள். அவர்களிடம் கிடைத்தது லிட்டி என்ற பீகார்ப் பக்கத்துக் கோதுமை உருண்டையின் செய்முறை. அடுப்புக்கரி இல்லாமல் தோசைக்கல்லில் சுட்டது.

முக்கியமாக, வியாபாரம் செய்தவர்களைக் கேளுங்கள். எங்கள் பகுதியில் இட்லி வீட்டுத் தொழில். நடுராத்திரிக்கு மேல் கிரைண்டர் ஓடும், விடிவதற்குள் அவித்து முடித்து, சைக்கிளில் பாத்திரம் கட்டி, ரப்பர் ஹாரன் அடித்துக்கொண்டு நகரம் முழுக்கக் கிளம்பிவிடுவார்கள். 2020 மார்ச்சில் அப்படி இட்லி விற்கும் ஓர் அண்ணாச்சி வீட்டில் இரண்டு மூட்டை உளுந்து சும்மா கிடந்தது. சந்தில் மற்ற வீடுகளில் உளுந்து இல்லை. அவருக்கு வாங்க ஆள் இல்லை. கடைசியில் படியால் அளந்து கடனுக்குக் கொடுத்தார்; கணக்கு எழுதிய காலண்டர் தாளை இன்னும் வைத்திருக்கிறார். அதை நோட்டில் அப்படியே நகலெடுத்துப் போட்டோம், பெயர்களை மட்டும் மறைத்து. அவர் பக்கத்து வீட்டுச் சித்தி சொன்னது வேறு: “கிரைண்டர் சத்தம் நின்ன அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. இருபத்தஞ்சு வருசமா அந்தச் சத்தத்துலதான தூங்குதேன்.”

நேரம்: காலையில் தண்ணீர் பிடிக்கும் வேளையில் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். மத்தியானம் மூன்று மணி, பாத்திரம் கழுவி முடித்து டீ போடுவதற்கு முன்பான அரைமணி நேரம், நல்ல நேரம். வெறுங்கையோடு உட்காராதீர்கள். அவர்கள் கீரை ஆய்ந்தால் நீங்களும் ஆயுங்கள். கை வேலையில் இருக்கும்போதுதான் வாய் தானாகத் திறக்கும். இருவர் போனால் போதும். மூன்றாவது ஆள் வந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது. வீட்டு ஆண்கள் இல்லாத நேரமாக இருந்தால் இன்னும் நல்லது, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் படி: தேதியைப் பிடியுங்கள்

இதுதான் கஷ்டமான படி. யாரும் தேதி சொல்ல மாட்டார்கள், “ஊரடங்குல” என்பார்கள். எந்த ஊரடங்கு? மும்பைக்காரர்களுக்கு இரண்டு. இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. அதற்குக் காரணமும் உண்டு. 2020இல் முதல் 21 நாள் முடிய வேண்டிய ஏப்ரல் 14, சித்திரை ஒன்று. அன்று காலைதான் மே 3 வரை நீட்டிப்பு என்று பிரதமர் அறிவித்தார். அடுத்த வருஷம், 2021இல், மகாராஷ்டிராவில் கடுமையான கட்டுப்பாடுகள் மறுபடி தொடங்கியதும் ஏப்ரல் 14 இரவு எட்டு மணிக்கு. “வருசப் பெறப்பன்னைக்கு மாங்காப் பச்சடிக்கு வேப்பம்பூ கெடைக்கல” என்று ஒருவர் சொன்னால், எந்த வருஷப் பிறப்பு?

புயலும் அப்படியே. 2020 ஜூன் 3இல் நிசர்கா, 2021 மே 17இல் டவ்தே. கூரைத் தகரம் ஆடியது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நாங்கள் கண்டுபிடித்த வழி, பெரிய சம்பவத்தைக் கேட்காமல் சின்னதைக் கேட்பது. லோக்கல் ரயில் ஓடியதா? மார்ச் 23இல் இருந்து ஜூன் 14 வரை 2020இல் பயணிகளுக்கு லோக்கலே இல்லை. ஜூன் 15 முதல் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் விட்டார்கள். 2021இல் அவர்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சிக்கு ஊசி போட்டாகிவிட்டதா? போட்டிருந்தால் 2021 மார்ச்சுக்குப் பிறகு. ரேஷனில் அரிசியோடு குடும்பத்துக்கு ஒரு கிலோ பருப்பும் இலவசமாக வந்ததா? அப்படியென்றால் 2020, அடுத்த வருஷ இலவசத்தில் ஆளுக்கு 5 கிலோ தானியம் மட்டும்தான், பருப்பு இல்லை. எங்களுக்கு மிகவும் உதவியது சிவ போஜன் தாலி, மகாராஷ்டிரா அரசின் மலிவு விலைச் சாப்பாடு. பத்து ரூபாய்க்கு வாங்கினேன் என்றால் ஊரடங்குக்கு முன். ஐந்து ரூபாய் என்றால் 2020 மார்ச் கடைசிக்குப் பின். காசே வாங்கவில்லை என்றால் 2021.

பண்டிகைகளும் கைகொடுக்கும். நாடு முழுக்க அடைத்த முதல் நாளான 2020 மார்ச் 25 குடி பாட்வா. மராத்தி வீடுகளில் பூரண போளி செய்தார்களா இல்லையா என்று கேட்டால் போதும், அந்த நாள் துல்லியமாக வந்துவிடும். கைதட்டியது மார்ச் 22 மாலை 5 மணி, விளக்கேற்றியது ஏப்ரல் 5 இரவு 9 மணி. தாராவியில் முதல் தொற்று தெரிந்தது ஏப்ரல் 1. சந்து முனையில் தகரம் வைத்து அடைத்தது அதற்குப் பிறகு.

போனும் சாட்சி சொல்லும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தின் கோப்புப் பெயரைப் பாருங்கள். உள்ளே 20200414 என்பதுபோல் எட்டு இலக்கம் இருக்கும். வருஷம், மாதம், நாள். ஆனால் அது படம் அனுப்பப்பட்ட நாள். எடுத்த நாள் அதற்கு முன்பாகவும் இருக்கலாம். ஒரு மைனி காட்டிய பணியாரப் படத்தை இப்படித்தான் 2021இலிருந்து 2020க்கு நகர்த்தினோம். அவருக்கே ஆச்சரியம்.

எவ்வளவு முயன்றும் தேதி பிடிபடவில்லையென்றால் “எந்த ஊரடங்கு என்று தெரியவில்லை” என்றே எழுதுங்கள். எங்கள் நோட்டில் ஒன்பது பக்கங்களில் அப்படி இருக்கிறது.

நான்காம் படி: கை அளவை எடை போடுங்கள்

“ஒரு கை உளுந்து” என்று எழுதி வைத்தால் யாருடைய கை? ஆச்சியின் கை 35 கிராம். அவர் மருமகளின் கை 50. ஒரே வீடு, ஒரே சோறு. ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு எடுத்துப் போங்கள். பாத்திரத்தில் போடும் முன் ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லி நிறுத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை அள்ளச் சொல்லுங்கள். முதல் தடவை தராசைப் பார்த்துக் கூச்சத்தில் குறைவாக அள்ளுவார்கள், அதை விட்டுவிடுங்கள். டம்ளர் அளவு சொன்னால் அந்த டம்ளரையே வாங்கி, தண்ணீர் ஊற்றி எத்தனை மில்லி என்று பாருங்கள்.

ஒரு முழு உதாரணம் தருகிறேன். உளுந்தஞ்சோறு எங்கள் பக்கத்து வழக்கமான சமையல்தான். ஆனால் ஊரடங்கில் அது மாறிய விதத்தை எழுத வேண்டும், அதனால் இரண்டையும் எழுதினோம்.

வழக்கப்படி: பச்சரிசி 200 கிராம், தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து 100 கிராம், வெந்தயம் அரை ஸ்பூன், பூண்டு 15 பல், அரை மூடித் தேங்காய்த் துருவல், உப்பு. உளுந்தை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, அரிசியோடு கழுவி, அரிசியும் உளுந்தும் சேர்ந்த அளவுக்கு இரண்டரை மடங்கு தண்ணீர் வைத்து, எல்லாவற்றையும் குக்கரில் போட்டு மூன்று விசில், பிறகு சிறுதீயில் ஐந்து நிமிஷம். நல்லெண்ணெய் ஊற்றி எள்ளுத் துவையலோடு.

2020 ஏப்ரல் கணக்கு: ரேஷன் அரிசி. உளுந்து 60 கிராம்தான், அண்ணாச்சியிடம் கடன் வாங்கியது. தேங்காய் இல்லை, பூஜைத் தட்டில் கிடந்த கொப்பரையை வெந்நீரில் ஊறவைத்துத் துருவினார்கள். எள் இல்லை. ஆனால் மும்பையில் எந்த வீட்டில் வேர்க்கடலை இல்லாமல் போகும்? அதை வறுத்து, பூண்டு, வத்தல், உப்பு வைத்து அரைத்த துவையல். இன்றைக்கும் அந்த வீட்டுப் பிள்ளைகள் எள்ளை விட்டுவிட்டுக் கடலைத் துவையல்தான் கேட்கிறார்கள். இது ஆச்சிக்குப் பிடிக்கவில்லை.

இட்லி மாவு பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் 41 வீட்டில் 19 வீடு இதைத்தான் பேசின. உளுந்துத் தட்டுப்பாட்டுக்குக் கண்ட வழி போஹா, அதாவது அவல். ரேஷன் பச்சரிசி 4 டம்ளர், உளுந்து முக்கால் டம்ளர், போஹா 1 டம்ளர், வெந்தயம் 1 ஸ்பூன். மிக்ஸியில்தான் அரைக்க வேண்டும் என்றால் ஐஸ் தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். மிக்ஸி சூடானால் மாவு சரியாகப் பொங்காது. அரிசியை ரவை பதத்தில் நிறுத்துங்கள். ஏப்ரல் மாத மும்பை வெக்கையில் ஏழு, எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும், ராத்திரி பத்துக்குக் கரைத்து வைத்தால் காலையில் சரி. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் போட்டுப் பணியாரம். இட்லி அண்ணாச்சி இந்த அளவைக் கேட்டுவிட்டு, “இத இட்லின்னு சொல்லி விக்க முடியாது. ஆனா வயித்துக்கு ஆகும்” என்றார். அந்த வாக்கியத்தையும் செய்முறைக்குக் கீழேயே போட்டோம்.

மூன்றாவதாக சுக்கா பொம்பில், அதாவது பாம்பே டக் மீன் கருவாடு. காய்கறி வண்டி வராத வாரங்களில் சந்து முழுக்க இந்த வாசம்தான். மகாராஷ்டிராவில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்கும் மழைக்கும் முன்னேற்பாடாகக் காயவைப்பது. பன்னிரண்டு துண்டு, தலை, வால் நீக்கி மூன்றாக நறுக்கி, வெறும் சட்டியில் இரண்டு நிமிஷம் வறுத்து, வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறப் போட்டு நன்றாக அலசிக்கொள்ள வேண்டும். புளிக்குப் பதில் ஒரு பச்சை மாங்காய். மீதி வழக்கமான கருவாட்டுக் குழம்புதான், தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதி வாங்கிய செய்முறையை நீங்கள் ஒருதரம் சமைத்துப் பார்க்காமல் நோட்டில் ஏற்றாதீர்கள். எங்களுக்கு ஐந்தில் ஒன்று தப்பாக வந்தது. பெரும்பாலும் தண்ணீர் அளவு.

ஐந்தாம் படி: எதை எழுதக் கூடாது

வாங்கித் தின்றதை எழுதுவதில் கவனமாக இருங்கள். ஒரு வீட்டுக்காரர் கிச்சடி வரிசையில் நின்றதை நான் இயல்பாக எழுதிவிட்டேன். வாசித்துக் காட்டியபோது அவர் முகம் சுருங்கியது. பிள்ளைக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். கோலி எண்ணை எடுத்துவிட்டு, “சந்தில் பலர்” என்று மாற்றினோம். அதன் பிறகு ஒரு விதி வைத்தோம்: எழுதியதை அந்த வீட்டிலேயே உரக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் சுத்தப் பிரதி. கொடுத்தவர்கள் தங்கள் பெயரைப் போடச் சொல்வார்கள், அதையும் போடாதீர்கள். கொடுத்தவர் பெயர் வந்தால் வாங்கியவர் யார் என்று தெரு கண்டுபிடித்துவிடும்.

ஒரு வீட்டில் அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், அவர் திரும்பவில்லை. அந்த வீட்டு மைனி எங்களிடம் சொன்னது மிளகு ரசத்தின் அளவு மட்டும். மிளகு ஒன்றரை ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், பூண்டு நாலு பல். அதற்கு மேல் கேட்கவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தில் அளவு மட்டும் இருக்கிறது.

ஆறாம் படி: மொழியைத் திருத்தாதீர்கள்

“சொல்லுதேன்”, “போட்டுக்கிடணும்” என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். சுக்கா பொம்பிலை “உலர்ந்த வங்காரவாசி” என்று மாற்றி எழுதினால் இங்கே யாருக்கும் புரியாது, ஊரிலும் சிரிப்பார்கள். மும்பைத் தமிழில் கோலி, மோரி (வீட்டுக்குள் கழுவும் மூலை), போஹா எல்லாம் நம் சொற்கள்தான். கார்கானாப் பையன்கள் இந்தியில் சொன்னதைத் தமிழ் எழுத்தில் ஒரு வரி, கீழே தமிழில் அர்த்தம் என்று போட்டோம்.

ஏழாம் படி: பத்திரப்படுத்துவது

பேச்சைப் பதிவு செய்தால் அன்றைக்கே போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். எங்களோடு வந்த பெண்ணின் போன் மழையில் போனபோது ஆறு வீட்டுப் பேச்சு போயிற்று. மறுபடி கேட்டபோது அதே ருசியில் யாரும் சொல்லவில்லை. கோப்புக்குத் தேதி, கோலி எண் இரண்டும் வைத்துப் பெயரிடுங்கள், “ஆச்சி புதுசு” மாதிரிப் பெயர் வைத்தால் மூன்று மாதத்தில் எந்த ஆச்சி என்று மறந்துபோகும். ஒரு பிரதி ஊரில் உள்ள சொந்தக்காரர் ஒருவரிடமும் இருக்கட்டும். இங்கே வெள்ளம் வந்தால் அங்கே இருக்கும்.

அச்சுக்கெல்லாம் போகவில்லை. கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டினோம். அட்டைக்கு மேல் பிளாஸ்டிக் தாள் அவசியம். சமையலறையில் கிடக்கப் போகும் நோட்டு, மஞ்சள் கை படாமல் இருக்காது. ஒவ்வொரு செய்முறைக்கும் எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டோம், அவரவர் எழுதிக்கொள்ள. கோலிக்கு ஒன்று, ஊருக்கு இரண்டு என 43 பிரதிகள்.

கொடுத்த அன்று சாயங்காலமே ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார். பேத்தியை விட்டு உளுந்தஞ்சோற்றுப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

“பூண்டு எத்தனைன்னு போட்டிருக்க?”

“பதினஞ்சு பல், ஆச்சி.”

“அது ஊருப் பூண்டுக்கு. இங்க உள்ள பூண்டு பெரிசுல்லா? பத்து போதும். மாத்து.”

மறுநாள் பால்பாயிண்ட் பேனாவோடு வீடு வீடாகப் போனோம்.